அத்தியாயம் 4: காலி வீதியைக் கடப்போம்

தரம் 6 முதல் 9 வரையான பிள்ளைகளுடன் ஸ்கிராட்சில் முதல் விளையாட்டு

வெள்ளவத்தைப் பிள்ளை கணினியைத் தொடுவதற்கு முன்னமே ஒரு செய்நிரலை நாள்தோறும் ஓட்டிக்கொண்டிருக்கிறது. காலி வீதியின் தரைப்பக்கத்தில் நின்று கடற்பக்கம் போகவேண்டும். முதலில் வலப்பக்கம் பார். பம்பலப்பிட்டிப் பக்கத்திலிருந்து பஸ் வந்தால் நில். வராவிட்டால் நடு வீதிவரை நட. இனி இடப்பக்கம் பார். தெஹிவளைப் பக்கத்திலிருந்து 100 இலக்க பஸ் வருகிறதா, 101 வருகிறதா? ஒன்றும் இல்லையென்றால் மிச்சத்தையும் கட. இதில் வரிசை இருக்கிறது, நிபந்தனை இருக்கிறது, திரும்பத் திரும்பப் பார்த்தல் இருக்கிறது. தொடர், தெரிவு, மீள்செய்கை என்று பாடத்தில் பெயர் சொல்லிக் கற்பிக்கும் மூன்றும் பிள்ளையின் காலிலேயே இருக்கின்றன. அவற்றைத் திரைக்குக் கொண்டுவருவதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

ஆறு சனிக்கிழமைகள், நாளுக்கு ஒன்றரை மணித்தியாலம். முடிவில் ஒவ்வொரு சோடிப் பிள்ளைகளிடமும் அவர்களே செய்த ஒரு விளையாட்டு இருக்கும்.

தொடங்குமுன்: ஒரு விதி

விளையாட்டு கேட்காத எதையும் கற்பிக்காதீர்கள்.

நான் வகுப்பு எடுக்கத் தொடங்கிய காலத்தில் முதல் நாளே கரும்பலகையில் பெட்டி கீறி, மாறி என்றால் என்ன என்று விளங்கப்படுத்தினேன். பிள்ளைகள் கொப்பியில் அழகாக எழுதினார்கள். அடுத்த கிழமை கேட்டபோது ஒருவருக்கும் நினைவில்லை. பிறகு ஒழுங்கை மாற்றினேன். விளையாட்டு ஓரளவு ஓடத் தொடங்கியதும் ஒரு பிள்ளை, “ரீச்சர், மூண்டு தரம் அடிபட்டா முடியோணும். எத்தினை தரம் அடிபட்டதெண்டு இதுக்கு எப்பிடித் தெரியும்?” என்று கேட்டது. அந்தக் கேள்வி வந்த நிமிடத்தில் மாறியைக் காட்டினேன். அன்று படித்ததை அந்தப் பிள்ளை மறக்கவில்லை. தாகம் எடுத்த பிறகு கொடுக்கும் தண்ணீர் அது.

இந்த எண்ணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. சீமோர் பாப்பர்ட், சிந்தியா சொலமன், வொலி போயர்சைக் ஆகியோர் 1967இல் பிள்ளைகளுக்காக லோகோ என்ற கணினி மொழியை அமெரிக்காவில் உருவாக்கினார்கள். ஆமையொன்றுக்குக் கட்டளை கொடுத்துக் கோடு கீற வைப்பதன் ஊடாகப் பிள்ளை வடிவியல் படித்தது. அதே வழியில் வந்தவர் மிச்சல் ரெஸ்னிக். மசசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் மீடியா லாப்பில் அவருடைய குழு 2007இல் ஸ்கிராட்சை வெளியிட்டது. இன்று நாம் பயன்படுத்தும் மூன்றாம் பதிப்பு 2019 ஜனவரியில் வந்தது. இலவசம். இணையம் இல்லாத கணினியிலும் நிறுவி ஓட்டலாம்.

நிரல் எழுதப் புதிதாகத் தொடங்கும் பிள்ளையை முதலில் விரட்டுவது எழுத்துப் பிழை. ஓர் அரைப்புள்ளி விடுபட்டால் செய்நிரல் ஓடாது. ஸ்கிராட்சில் அந்தத் தொல்லை இல்லை. கட்டளைகள் நிறக் கட்டைகளாக வருகின்றன. பொருந்தாத கட்டை ஒட்டாது. கேள்விக் கட்டைகள் இரு பக்கமும் கூராக அறுகோண வடிவில் இருக்கும். அறுகோணக் குழிக்குள் அவை மட்டுமே போகும். ஆகவே பிள்ளை விடக்கூடிய பிழை சிந்தனைப் பிழை ஒன்றுதான். ஆசிரியர் நேரம் செலவழிக்க வேண்டியதும் அதில்தான்.

தேவையானவை

- இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு மடிக்கணினி. பழையது போதும். ஸ்கிராட்ச் செயலியை முன்கூட்டியே நிறுவி வையுங்கள்.
- சோடிக்கு ஒரு கொப்பி, பென்சில், அழிறப்பர்.
- வெண்கட்டி, சில பிரிஸ்டல் மட்டைகள்.
- ஒவ்வொரு சோடிக்கும் ஒரு பென்டிரைவ். வகுப்பு முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது எல்லோரும் சேமிக்க வேண்டும். கோப்பின் பெயரோடு திகதியையும் சேர்க்கச் சொல்லுங்கள்; பிழைத்தால் போன கிழமைக்குத் திரும்பிப் போகலாம்.

சோடியில் ஒருவர் சாரதி, மற்றவர் நடத்துநர். சாரதியின் கையில் சுட்டியும் சாவிப்பலகையும். நடத்துநர் வழி சொல்வார், பிழை கண்டால் “நிப்பாட்டு” என்பார், சுட்டியைத் தொடமாட்டார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறவேண்டும். பஸ்ஸில் போய்வரும் பிள்ளைகளுக்கு இதை இரண்டாம் முறை சொல்லத் தேவையில்லை.

ஆசிரியருக்கும் ஒரு கட்டுப்பாடு: பிள்ளையின் சுட்டியை வாங்காதீர்கள். “இஞ்ச தா, நான் காட்டுறன்” என்று சொல்லி நாம் இரண்டு நொடியில் திருத்திவிடலாம். திருத்தியது நாம், படித்ததும் நாம்தான். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன்.

மொழியைப் பற்றி ஒரு சொல். எங்கள் வகுப்பில் கட்டைகளை ஆங்கிலத்திலேயே வைத்திருக்கிறோம். பள்ளிக்கூடக் கணினிகளிலும் பிள்ளைகள் அப்படித்தான் காண்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு கட்டையையும் வாய்விட்டுத் தமிழில் சொல்ல வேண்டும் என்பது விதி. தமிழில் சொல்ல முடியாத கட்டை விளங்காத கட்டை. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழியில் கட்டளைகளையே தமிழில் எழுதலாம் என்று ஒருநாள் காட்டியபோது பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இந்நூலில் கட்டைகளைத் தமிழ்ப் பொருளாலும் நிறத்தாலும் குறிக்கிறேன். நீலம் அசைவு, மஞ்சள் தொடக்கம், செம்மஞ்சள் கட்டுப்பாடு, இளநீலம் உணர்தல், பச்சை கணக்கு.

முதலாம் நாள்: கணினி இல்லாமல்

2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு நீண்ட காலம் இருந்தது. சார்ஜ் இல்லாத மடிக்கணினிகளோடு பிள்ளைகள் வந்தார்கள். வேறு வழியில்லாமல் தரையில் வெண்கட்டியால் வீதி கீறினோம். மின்சாரம் திரும்பிய பிறகும் முதல் நாளை நான் அப்படியே வைத்துக்கொண்டேன்.

இரண்டு பிள்ளைகள் பஸ்கள். ஒருவர் வீதியைக் கடப்பவர், ஆனால் கண் கட்டியிருக்கிறது. மற்றவர்கள் சொல்வதை மட்டும் செய்வார். “போ” என்று ஒரு பிள்ளை கத்தும். எவ்வளவு தூரம் போவது? எந்தப் பக்கம்? “ரெண்டடி முன்னால” என்று சொல்லப் பழகும்வரை பஸ் நான்கு தரம் முட்டியிருக்கும். கட்டளை துல்லியமாக இருக்கவேண்டும் என்பதை இதைவிட நன்றாக எந்தப் பாடநூலும் சொல்லாது.

பிறகு கொப்பியில் பாய்ச்சற் கோட்டுப்படம் கீறவையுங்கள். “பஸ் வருகிறதா?” என்ற சாய்சதுரத்திலிருந்து இல்லை என்ற அம்பு முன்னால் போகும். ஆம் என்ற அம்பு எங்கே போகவேண்டும்? பலர் அதை முடிவுக்குக் கொண்டுபோவார்கள். அப்படியென்றால் பஸ்ஸைக் கண்டவர் வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார் என்று பொருள். அம்பு திரும்பிச் சாய்சதுரத்துக்கே வரவேண்டும் என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். மீள்செய்கை அங்கே பிறக்கிறது.

இரண்டாம் நாள்: மேடையும் நடப்பவரும்

ஸ்கிராட்சின் மேடை 480 அலகு அகலம், 360 அலகு உயரம். நடுப்புள்ளி பூச்சியம். வலம் 240, இடம் -240, மேலே 180, கீழே -180. கணித பாடத்தில் வரும் தெக்காட்டின் தளமும் திசைகொண்ட எண்களும் இவைதான். ஸ்கிராட்சைத் திறந்ததும் மேடையில் நிற்கும் பூனையைச் சுட்டியால் இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எண்கள் மாறுவதைக் கண்டால் போதும்.

பின்னணியைப் பிள்ளைகளே கீறட்டும். கீழே தரைப்பக்க நடைபாதை, நடுவில் வீதி, மேலே கடற்பக்கம். கடைகளின் பெயர்ப்பலகை, மரக்கறிக் கூடை, கோயில் கோபுரம் என்று அவர்கள் சேர்ப்பதைத் தடுக்காதீர்கள். ஆனால் இருபது நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். படம் கீறுவதிலேயே நாள் போய்விடும்.

நடப்பவருக்கு ஐந்து கட்டைத் தொடர்கள் போதும். மேல் அம்புக்குறிச் சாவியை அழுத்தினால் செங்குத்து எண் 10ஆல் கூடவேண்டும். கீழ்ச் சாவிக்கு -10. வலமும் இடமும் அப்படியே. விளையாட்டைத் தொடக்கும் பச்சைக் கொடியை அழுத்தியதும் கிடை 0, செங்குத்து -150 என்ற இடத்தில் நிற்கவேண்டும். முதல் நாளின் “ரெண்டடி முன்னால” இங்கே 10 என்ற எண்ணாக மாறுவதைச் சுட்டிக்காட்டுங்கள்.

மூன்றாம் நாள்: பஸ்

தரைப்பக்க ஓரத்தில் வரும் பஸ்ஸோடு தொடங்குங்கள். அது திரையின் வலப்பக்கமிருந்து இடப்பக்கம் ஓடவேண்டும். “எப்போதும்” என்ற செம்மஞ்சள் கட்டைக்குள், கிடை எண்ணை -5ஆல் மாற்று.

பஸ் இடது ஓரத்தில் போய் நின்றுவிடும். இனி என்ன? விடையை நீங்கள் சொல்லாதீர்கள். எங்கள் வகுப்பில் தரம் 7 பிள்ளை ஒருவன், ஓரத்தில் பட்டால் திரும்பு என்ற நீலக் கட்டையைக் கண்டுபிடித்துப் போட்டான். அது அசைவுத் திசையையே திருப்பும் கட்டை என்பதால் அதற்கேற்ப நகர்வுக் கட்டையையும் மாற்றிக்கொண்டான். ஓடவிட்டபோது பஸ் திரும்பி வந்தது, கூரை கீழேயும் சில்லு மேலேயுமாக.

“ரீச்சர், பஸ் தலைகீழாப் போகுது!”

எல்லோரும் எழுந்து வந்து பார்த்தார்கள். சுழலும் பாணியை இடம்-வலம் என்று மாற்றினால் பஸ் நிமிரும். அதை நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவனுடைய நடத்துநராக இருந்த பிள்ளை, “ஏன் திரும்பி வரோணும்? காலி வீதியில வந்த பஸ் அதே பக்கத்தால திரும்பி வாறதில்லையே. அது போகும், பின்னால வேற பஸ் வரும்” என்றாள்.

அந்த ஒரு வசனத்தில் விளையாட்டின் வடிவமே மாறியது. ஓரத்தில் பட்டால் திரும்பு என்பதை எடுத்துவிட்டு இப்படி வைத்தார்கள்:

பச்சைக் கொடியை அழுத்தும்போது
கிடை 240, செங்குத்து -60 என்ற இடத்துக்குப் போ
எப்போதும்:
  கிடை எண்ணை -5ஆல் மாற்று
  கிடை எண் -235ஐ விடச் சிறியது என்றால்:
    கிடை எண்ணை 240 ஆக்கு

ஒரே பஸ்தான், பார்ப்பவருக்கு வரிசையாகப் பஸ்கள். வீதியைப் பார்த்த கண் தீர்வைக் கொண்டுவந்தது.

இங்கே ஒரு கணக்குக் கொடுங்கள். “எப்போதும்” கட்டை விநாடிக்கு ஏறத்தாழ 30 தடவை சுற்றுகிறது. சுற்றுக்கு 5 அலகு என்றால் விநாடிக்கு 150 அலகு. ஓரத்திலிருந்து ஓரம்வரை 475 அலகு. பஸ் கடக்க 3 விநாடிக்குச் சற்று மேல். 5ஐ 10 ஆக்கினால்? 15 ஆக்கினால் நடப்பவர் தப்ப முடியுமா? முதலில் கொப்பியில் கணித்து, பிறகு ஓட்டிப் பார்க்கவேண்டும்.

நான்காம் நாள்: எதிர்ப்பக்கம்

பஸ்ஸின் மேல் வலது சொடுக்கிப் பிரதி எடுத்தால் இரண்டாவது பஸ் வந்துவிடும். அது கடற்பக்க ஓரத்தில், செங்குத்து 60இல், இடமிருந்து வலம் ஓடவேண்டும். பிள்ளைகள் -5ஐ 5 ஆக்குவார்கள். பஸ் வலது ஓரத்தில் தொடங்கி அங்கேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். மாறவேண்டிய இடங்கள் ஐந்து: கூட்டும் எண், தொடங்கும் இடம், திரும்ப வைக்கும் இடம், ஒப்பிடும் குறி, ஒப்பிடும் எண். ஒன்றை மாற்றினால் அதோடு தொடர்புள்ள மற்றவையும் மாறவேண்டும் என்பது நிரலாக்கத்தில் காலம் முழுவதும் உதவும் பாடம். “எத்தினை இடம் மாறோணும்? முதல்ல கொப்பியில எண்ணு” என்று மட்டும் சொல்லுங்கள். பஸ்ஸின் படத்தையும் கிடையாகத் திருப்பாவிட்டால் அது பின்பக்கமாக ஓடும். அதையும் அவர்களே காணட்டும்.

ஒரு ஓகஸ்ட் விடுமுறையில் ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த பிள்ளை, தன் மச்சானுடன் வகுப்பில் இருந்தான். இரண்டு பஸ்களும் பக்கம் மாறி ஓடுகின்றன என்று பிடிவாதமாக நின்றான். மச்சான் விடவில்லை. வாக்குவாதம் முற்றியபோது இரண்டு பேரையும் யன்னலுக்குக் கூட்டிப்போய்க் கீழே வீதியைப் பார்க்கச் சொன்னேன். இங்கே வாகனம் இடப்பக்கம் ஓடும், கனடாவில் வலப்பக்கம். இருவரும் சரி. அவர்கள் அன்று செய்த விளையாட்டில் “ஊர் எது?” என்ற கேள்வி வந்தது, விடையைப் பொறுத்து பஸ்கள் பக்கம் மாறின. நான் திட்டமிடாத பாடம் அது. தெரிவு என்ற கருத்துக்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

ஐந்தாம் நாள்: மோதலும் எண்ணிக்கையும்

நடப்பவர் பஸ்ஸில் பட்டால் தொடங்கிய இடத்துக்குப் போகவேண்டும். “பஸ்ஸைத் தொடுகிறதா” என்ற இளநீல அறுகோணக் கட்டையை “என்றால்” கட்டைக்குள் வைப்பார்கள். பச்சைக் கொடியை அழுத்தி ஓடவிடுவார்கள். நடப்பவர் பஸ்ஸுக்கு ஊடாகப் பேய் போல நடந்துபோவார்.

இந்தப் பிழையை நான் கற்பித்த ஒவ்வொரு குழுவிலும் கண்டிருக்கிறேன். கணினி ஒரே ஒரு தரம் பார்த்தது, அதுவும் கொடியை அழுத்திய அந்தக் கணத்தில். அப்போது பஸ் பக்கத்தில் இல்லை. பிள்ளையிடம் கேட்க வேண்டிய கேள்வி: “நீ வீதியைக் கடக்கேக்க எத்தினை தரம் பாக்கிறாய்?” பதில் வந்ததும் கை தானாகவே “எப்போதும்” கட்டையைத் தேடிப் போகும். சில பிள்ளைகள் முதல் நாள் கீறிய சாய்சதுரத்தைக் கொப்பியில் திருப்பிப் பார்ப்பார்கள்.

இப்போது எண்ணிக்கை கேட்கும் கேள்வி வரும். “உயிர்” என்று ஒரு மாறி, தொடக்கத்தில் 3. பட்டால் -1. கடற்பக்கம் சேர்ந்தால், அதாவது செங்குத்து எண் 150ஐத் தாண்டினால், “புள்ளி” 1ஆல் கூடி நடப்பவர் திரும்பத் தொடக்கத்துக்கு வரவேண்டும். இங்கே இரண்டு பிழைகளை எதிர்பாருங்கள்.

- உயிர் கண் மூடித் திறக்குமுன் -40க்கு இறங்கும். பட்டவுடன் தொடக்கத்துக்குப் போ என்ற கட்டை விடுபட்டிருக்கும். விநாடிக்கு 30 தடவை என்று கணித்ததை நினைவூட்டுங்கள்.
- இரண்டாம் ஆட்டத்தில் பழைய புள்ளி அப்படியே நிற்கும். கொடியை அழுத்தும்போது பூச்சியமாக்க மறந்திருப்பார்கள். கரும்பலகையை அழிக்காமல் அடுத்த பாடம் எழுத முடியுமா என்று கேளுங்கள்.

ஆறாம் நாள்: கைமாற்றம்

இன்று ஒவ்வொரு சோடியும் பக்கத்துச் சோடியின் இடத்துக்குப் போகவேண்டும். பத்து நிமிடம் விளையாட்டு. பிறகு கட்டைகளைப் பார்த்து ஒரே ஒரு மாற்றம் செய்யலாம், செய்ததைக் கொப்பியில் எழுதவேண்டும். ஸ்கிராட்ச் என்ற பெயரே, பழைய இசைத்தட்டுகளைக் கையால் முன்னும் பின்னும் சுழற்றிப் புதிய இசை செய்யும் கலைஞர்களின் உத்தியிலிருந்து வந்தது. மற்றவர் செய்ததை எடுத்து, நன்றி சொல்லி, மேலே ஒன்றைச் சேர்ப்பது இந்தக் கருவியின் இயல்பு.

கெதியாக முடித்த பிள்ளைகளுக்கு மேலதிக வேலை: ஆடிவேல் தேர். தேர் காலி வீதியில் வரும்போது பஸ்கள் நிற்கவேண்டும், போனபின் ஓடவேண்டும். தேர் “வந்துவிட்டேன்” என்று செய்தி அனுப்பும். இரண்டு பஸ்களும் அந்தச் செய்தியைக் கேட்டு நிற்கும். பாத்திரங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் இந்தச் செய்திக் கட்டை ஸ்கிராட்சின் வலிமையான பகுதி. கொட்டாஞ்சேனையில் இதே வகுப்பை எடுத்தபோது பிள்ளைகள் பஸ்ஸை எடுத்துவிட்டுத் துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லொறியை வைத்தார்கள். உங்கள் ஊர்ப் பிள்ளைகளும் தங்கள் வீதியைத்தான் வைக்கவேண்டும்.

விளங்கியதா என்று அறிவது எப்படி?

ஓடும் விளையாட்டு விளக்கத்துக்குச் சான்றாகாது. பக்கத்தில் பார்த்தும் செய்திருக்கலாம். பிள்ளையின் திரையில் ஒரு கட்டையைச் சுட்டிக்காட்டி, “இதை எடுத்தா என்ன நடக்கும்?” என்று கேளுங்கள். பதில் சொன்ன பிறகு எடுத்துப் பார்க்கட்டும். சொன்னது நடந்தால் விளங்கியிருக்கிறது. நடக்காவிட்டால், ஏன் என்று தேடும் முகத்தைப் பாருங்கள். தேடினால் அதுவும் நல்ல புள்ளிதான். புள்ளி போடத்தான் வேண்டும் என்றால் விளையாட்டின் அழகுக்குப் போடாதீர்கள். கொப்பியில் எழுதிய பிழைகளுக்கும் அவற்றைத் திருத்திய விதத்துக்கும் போடுங்கள்.

பெற்றோருக்கு

வெள்ளவத்தையில் சனிக்கிழமை என்றால் ரியூசன். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் நடுவில் ஒன்றரை மணித்தியாலம் விளையாட்டுக்கா என்ற பெற்றோரின் கேள்வி நியாயமானது. அதற்கு மரியாதையோடு பதில் சொல்லவேண்டும். தரம் 6 முதல் 9 வரையான பாடத்தில் பாய்ச்சற் கோட்டுப்படமும் ஸ்கிராட்சும் வருகின்றன. சாதாரண தரத்தில் போலிக்குறிமுறையும் பஸ்காலும், உயர்தரத்தில் பைதனும் காத்திருக்கின்றன. “எப்போதும்” கட்டைக்குள் “என்றால்” கட்டையை ஏன் வைக்கவேண்டும் என்று அடிபட்டுப் படித்த பிள்ளைக்கு, அந்த மொழிகளில் புதிதாக வருவது எழுதும் முறை மட்டுமே.

ஆறாம் நாள் பெற்றோரை அழையுங்கள். பிள்ளை ஓட்டிக் காட்டட்டும். பிறகு அம்மாவோ அப்பாவோ சாவிப்பலகையில் உட்கார, பிள்ளை நடத்துநராக நின்று வழி சொல்லட்டும். அன்று பலமுறை பஸ் முட்டும். ஏன் முட்டியது என்று பிள்ளை விளங்கப்படுத்தும்போது நீங்கள் பக்கத்தில் நின்று கேளுங்கள், குறுக்கே பேசாதீர்கள். அடுத்த அத்தியாயத்தை எங்கிருந்து தொடங்கவேண்டும் என்பது அந்த விளக்கத்திலிருந்து உங்களுக்குத் தெரிந்துவிடும்.